தவறியவரும் துணிந்தவரும்

2017 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் ஜான் வெய்ன் விமான நிலையத்தில், நடிகர் ஹாரிசன் ஃபோர்டு தன் சிறிய விமானத்தை ஓடுபாதை என்று நினைத்து, விமானங்கள் ஊர்ந்து செல்லும் பக்கத்து டாக்ஸிவேயில் இறக்கிவிட்டார். அங்கே 110 பயணிகளோடு காத்திருந்த போயிங் 737-க்கு நேர் மேலாக அவர் விமானம் கடந்தது. இறங்கிய கையோடு கட்டுப்பாட்டு அறையிடம் தவறை ஒப்புக்கொண்டார், விசாரணைக்கு ஒத்துழைத்தார், ஆலோசனை பெற்றார். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. அவர் உரிமத்தில் கைவைக்கவில்லை. 2021-இல் அதே மாநிலத்தில் யூடியூபர் ட்ரெவர் ஜேக்கப், காணொளிக்காகப் பாராசூட்டோடு குதித்து, தன் விமானத்தை மலைக்காட்டில் விழவிட்டார். உரிமம் ரத்தானது. சிதைவுகளை ரகசியமாக அகற்றி அழித்து விசாரணையைத் தடுத்ததற்கு 6 மாதச் சிறையும் கிடைத்தது.

ஆபத்தை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் பயங்கரம். இரண்டிலும் வேறு யாருக்கும் காயமில்லை. ஆனாலும் எஃப்.ஏ.ஏ. செய்ததே சரி என்பேன். காரணம் ஒரு பழைய விபத்தில் இருக்கிறது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனை நெருங்கிய டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் வர்ஜீனியா மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். சுமார் ஆறு வாரம் முன்புதான் வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே வழியில், எவ்வளவு கீழே இறங்கலாம் என்ற அதே குழப்பத்தில் தாழப் பறந்து தப்பியிருந்தார்கள். அந்தச் செய்தி அவர்களுடைய நிறுவனத்தைத் தாண்டவில்லை. பயந்தவன் வாய் திறக்க மாட்டான் என்பதால்தான், விமானிகள் தவறுகளைத் தாமே தெரிவிப்பதற்காக 1976-இல் தொடங்கிய ஏ.எஸ்.ஆர்.எஸ். திட்டம் தண்டிக்கும் அதிகாரமில்லாத நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. விமானி அனுப்பும் படிவத்தில் பெயருள்ள துண்டு, தேதி முத்திரையோடு அவருக்கே திரும்பி வரும். தெரியாமல் விதியை மீறி 10 நாளுக்குள் எழுதியவருக்குப் பொதுவாகத் தண்டனை தவிர்க்கப்படுகிறது. விபத்துக்கும் குற்றத்துக்கும் அந்தச் சலுகை இல்லை. 2015-இல் எஃப்.ஏ.ஏ. இன்னும் ஒரு படி போனது: புரியாமையாலும் மங்கிய திறமையாலும் நேர்ந்த பிழைக்குப் பயிற்சி, வேண்டுமென்றோ பொறுப்பற்றோ செய்ததற்கு நடவடிக்கை.

பணிவை நடிக்க முடியாதா, அதுவும் நடிகருக்கு, என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020-இல் ஹாதார்ன் விமான நிலையத்தில் ஃபோர்டு அனுமதியின்றி ஓடுபாதையைக் கடந்தார்; அது பயிற்சியோடு முடிந்தது. ஆனால் மனப்போக்கு என்று இங்கே அளக்கப்படுவது இனிய பேச்சு அல்ல. உண்மையை மறைத்தாரா, திருத்தத்துக்கு உட்பட்டாரா என்பதே. நல்லெண்ணம் எல்லாவற்றுக்கும் கேடயமும் அல்ல. 2009-இல் மடிக்கணினியில் மூழ்கி, இறங்க வேண்டிய மினியாபொலிஸைத் தாண்டி நூறு மைலுக்கு மேல் பறந்த நார்த்வெஸ்ட் 188 விமானத்தின் விமானிகள் வேண்டுமென்று செய்யவில்லை. உரிமம் ஒரே வாரத்தில் போயிற்று. விதிக்கு உட்பட மனமில்லாதவரைப் போலவே முடியாதவரையும் எஃப்.ஏ.ஏ.வின் கொள்கை சலுகைக்கு வெளியே வைக்கிறது. அதனால் ஒருவர் இரண்டாம் முறை தவறும்போது, அவர் நல்லவரா என்பதைவிட அவரால் இன்னும் பத்திரமாக ஓட்ட முடியுமா என்பதைத்தான் கறாராகச் சோதிக்க வேண்டும்.