கடனும் நீதிமன்றக் கட்டளையும்

“கடனைக் கட்டாவிட்டால் மறியலோ?” இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்கள் பலவற்றை வாட்டும் கேள்வி இது.

பணமின்மையால் கடனைச் செலுத்த இயலாதிருப்பது வேறு. நீதிமன்றக் கட்டளையை மீறுவது வேறு. 1980இல் இலங்கை ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை, ஒப்பந்தக் கடப்பாட்டை நிறைவேற்ற இயலாமைக்காக மட்டும் எவரையும் சிறையிடலாகாது என்கிறது. ஆனால் கட்டளையை வேண்டுமென்றே மீறுவது நீதிமன்ற அவமதிப்பாகலாம். இதற்கென 2024இல் 8ஆம் இலக்கச் சட்டமும் ஆக்கப்பட்டது.

வழக்கில் தோற்றவரின் வங்கிக் கணக்கு முடக்கப்படுவதும் உண்டு. பிஸ்கால் மூலம் வங்கிக்குத் தடை அறிவித்தல் வழங்கப்படும். மறுகட்டளை வரும்வரை வங்கி அப்பணத்தைக் கொடுக்கலாகாது. கணக்குக்காரர் பெறவும் கூடாது. வங்கி முகாமையாளரோடு வாதிட்டுப் பயனில்லை, நீதிமன்றத்தையே நாடவேண்டும்.

எனினும் எல்லாவற்றையும் கைப்பற்ற முடியாது. திரிகைக் கல்லை அடகாக வாங்கலாகாது என்பது மோசேயின் சட்டம். எமது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவும் அவசியமான உடை, படுக்கை ஆகியவற்றோடு, விவசாயியின் பிழைப்புக்குத் தேவையென நீதிமன்றம் கருதும் உழவுக் கருவிகள், மாடுகள், விதைதானியம் என்பவற்றையும் காக்கின்றது.

பெரிய ஆபத்து, பழைய ஊர் விலாசத்துக்குப் போகும் அழைப்பாணை. நாம் சமுகமளிக்காவிட்டால் எமக்கெதிராகத் தீர்ப்பாகிவிடும். சாதாரண வழக்கில், அத்தீர்ப்பாணை கையளிக்கப்பட்டு 14 நாட்களுக்குள் நியாயமான காரணம் காட்டி அதனை நீக்கும்படி விண்ணப்பிக்கலாம். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டப்படி வங்கி வழக்கிட்டால், எதிர்வாதம் செய்யவே முதலில் நீதிமன்ற அனுமதி பெறவேண்டும்.

ஆகவே புதிய விலாசத்தை வங்கிக்கு எழுத்தில் அறிவிப்போம். நீதிமன்றக் கடிதம் வந்தால் பெட்டிக்குள் வைத்துவிடாது, அன்றே சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கொண்டுசெல்வோம்.