மழை, டிராஃபிக், டிம் அடிக்கும் ஹெட்லைட்: பழைய ஹெரால்டு காரில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்நேட்டர் போடலாமா? முழு விளக்கம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவு 8 மணிக்கு ஜிஎஸ்டி சாலையில் ஒரு பழைய காரை ஓட்டியவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். தாம்பரம் தாண்டி பெருங்களத்தூரில் வண்டி நிற்கிறது. ஹெட்லைட் மஞ்சளாகி மங்குகிறது, வைப்பர் சோம்பலாக நகர்கிறது, டேஷ்போர்டில் சிவப்பு சார்ஜிங் லைட் மினுக்குகிறது. இன்ஜின் ஆஃப் ஆனால் திரும்ப செல்ஃப் எடுக்குமா என்று பயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த கார் பிறந்ததே அதே சாலையில்தான். வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில்தான் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டும், 1972-ல் அதன் வாரிசான கேஸலும் தயாராகின. அப்போது சாலை காலி. டைனமோ போதுமானதாக இருந்தது. இப்போது?

டைனமோவுக்கு என்ன பிரச்னை?

ஹெரால்டில் வந்த லூகாஸ் டைனமோ அதிகபட்சம் சுமார் 22 ஆம்பியர் தரும். அதுவும் வண்டி நல்ல வேகத்தில் ஓடினால்தான். ஐடிலிங்கில் கிட்டத்தட்ட பூஜ்யம்.

இப்போ கணக்கு போட்டுப் பாருங்க. 55 வாட் ஹாலஜன் ஹெட்லைட் இரண்டுக்கு 9 ஆம்பியர். பிரேக் லைட்டுக்கு மூன்றரை. வைப்பருக்கு 3, இக்னிஷன் காயிலுக்கு 4, சின்ன லைட்டுகளுக்கு 2. மொத்தம் 21-ஐ தாண்டுகிறது. டிராஃபிக்கில் அரை மணி நேரம் நின்றாலே சுமார் 10 ஆம்பியர்-ஹவர் போய்விடும். 35 ஏஹெச் பேட்டரி என்றால் கால் பங்குக்கு மேல் காலி!

ஆல்டர்நேட்டர் எப்படி வித்தியாசம்?

டைனமோவில் சுற்றும் பாகத்தில்தான் மின்சாரம் உற்பத்தியாகிறது. அது முழுவதும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அதனால் டைனமோவை ரொம்ப வேகமாகச் சுற்ற விட முடியாது.

ஆல்டர்நேட்டரில் இது தலைகீழ். காந்தம் சுற்றும், மின்சாரம் அசையாமல் இருக்கும் காயிலில் உருவாகும். பிரஷ்ஷில் போவது கொஞ்சம் கரன்ட்தான். எனவே சின்ன புல்லி போட்டு வேகமாகச் சுற்றலாம். இன்ஜின் மெதுவாக ஓடும்போதும் சார்ஜ் ஏறும். உள்ளே இருக்கும் டையோடுகள் ஏசி-யை டிசி ஆக்கிவிடும்.

மாற்றும் முன் கவனிக்க வேண்டிய 5 விஷயங்கள்

1. எர்த் எது? பழைய பிரிட்டிஷ் டிசைன் கார்கள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். அப்படியே ஆல்டர்நேட்டரை இணைத்தால் டையோடு அந்த நொடியே போய்விடும். முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். இக்னிஷன் காயில் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும்.

2. எத்தனை ஆம்பியர்? 35 முதல் 45 போதும். பெரிதாக வாங்கினால் மெல்லிய பேன் பெல்ட்டுக்குத்தான் சுமை.

3. மெயின் வயர். பழைய வயர் 22 ஆம்பியரை மனதில் வைத்துப் போட்டது. புதிதாகத் தடிமனான வயரை ஃபியூஸ் வைத்து பேட்டரிக்கு இழுக்க வேண்டும். இதை விட்டால் வயர் சூடாகி தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. 30 ஆம்பியர் ஆம்மீட்டர் இருந்தால் அதன் வழியாக இந்த கரன்ட்டை விடக்கூடாது.

4. புல்லி நேர்க்கோடு. அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. கோணல் இருந்து பெல்ட் அறுந்தால், சார்ஜோடு சேர்ந்து இன்ஜின் கூலிங்கும் போச்சு.

5. சார்ஜிங் லைட் பல்பை எடுக்காதீங்க. பல ஆல்டர்நேட்டர்கள் வேலையைத் தொடங்கவே அந்த பல்பு வழியாக வரும் கரன்ட் தேவை. ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் ஆல்டர்நேட்டர் என்றால் பழைய கட்-அவுட் பாக்ஸ் வேலை செய்யாது. அதை இணைப்பிலிருந்து விலக்க வேண்டும்.

புதுப்பேட்டையில் பழைய ஆல்டர்நேட்டர் வாங்குவதாக இருந்தால், ஓடவிட்டு டெஸ்ட் செய்து காட்டச் சொல்லி வாங்குங்கள். பொருத்திய பிறகு ஹெட்லைட்டை போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் காட்டினால் சரி. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி 'சார்ஜ் வருதா' என்று பார்க்கும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம். டைனமோ அதைத் தாங்கியிருக்கலாம், ஆல்டர்நேட்டர் தாங்காது.

பழைய டைனமோவை எடைக்குப் போடலாமா?

கூடாது. 50 ஆண்டு தாண்டிய வாகனங்களை 'விண்டேஜ்' ஆகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-ல் விதிகளைக் கொண்டு வந்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் 'விஏ' எழுத்துகள் வரும். வாகனம் அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. அந்தப் பதிவு பெற்றால் தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை.

ஆகவே அசல் வயரிங்கை வெட்டாமல், பாடியில் புதிதாக ஓட்டை போடாமல் வேலையை முடிக்கச் சொல்லுங்கள். டைனமோ, பிராக்கெட், கட்-அவுட் பாக்ஸ் மூன்றையும் துணியில் சுற்றி பத்திரமாக வையுங்கள். தினமும் தாம்பரம் பக்கம் ஓட்டுகிற வண்டிக்கு ஆல்டர்நேட்டர் நல்ல முடிவுதான். ஆனால் என்றைக்காவது அந்த ஹெரால்டை அப்பா ஓட்டிய நிலைக்கே திருப்பிக் கொண்டுவர ஆசை வந்தால், அந்த டைனமோ கையில் இருக்க வேண்டும்.