வெளிநாட்டில் படகு வாங்குகிறீர்களா? முன்பணம் அனுப்பும் முன்...

சென்ற மாதம் தேங்காப்பட்டணத்தில் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த சகோதரர் ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். 31 அடி நீளம், 9 அடி அகலம் உள்ள வெள்ளை ஃபைபர் உல்லாசப் படகு. அங்கே ஒருவர் பயன்படுத்தியது.

"விலை பேசியாச்சு உஸ்தாத். முன்பணம் அனுப்புனா படகு நமக்கு ஆயாச்சு. பெறவு ஒரு கப்பல்ல ஏத்தி விட்டா போதும். துஆ செய்யுங்க" என்றார். உம்மா பெயரிலிருந்த நிலத்தை விற்ற பணம் அது.

துஆ செய்தேன். ஆனால் 'ஏத்தி விட்டா போதும்' என்ற சொல் மனதை உறுத்தியது. தூத்துக்குடியில் சரக்கு அனுப்பும் தொழிலில் இருக்கும் என் உறவினரிடம் அவரை அழைத்துப் போனேன். அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டது நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

உறவினர் விலையைக் கேட்கவில்லை. அகலத்தைத்தான் கேட்டார். கண்டெய்னரின் வாசல் ஏறத்தாழ 2.34 மீட்டர், அதாவது 7 அடி 8 அங்குலம். நம் கரையில் ஓடும் ஒடுங்கிய வள்ளம் என்றால் 40 அடி கண்டெய்னருக்குள் போய்விடும். 9 அடி அகலப் படகு போகாது. அதற்கு இரண்டு பக்கமும் திறந்த 'ஃபிளாட் ரேக்' வேண்டும். அல்லது கார்களை ஓட்டி ஏற்றும் 'ரோரோ' கப்பலில் டிரெய்லரோடு ஏற்ற வேண்டும். ஃபிளாட் ரேக்கில் படகு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்து இடத்துக்கும் சேர்த்துக் கூலி கேட்பார்கள். இறங்கிய பிறகும் தொல்லை தீராது. சாலையில் 2.6 மீட்டருக்கு மேல் அகலமான சரக்குக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். இந்தப் படகு 2.74 மீட்டர். ஆரல்வாய்மொழி தாண்டி ஊருக்குள் வரும் செலவை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இன்னும் பெரிய கலங்கள் தாமே கடலில் போகும். கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் கட்டப்படும் மர உருக்களை அரபிகள் வாங்குவது பழைய வழக்கம். மாப்பிள்ளை கலாசிகள் கயிறும் கப்பியும் கொண்டு அவற்றை நீரில் இறக்குவதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்த உருக்களை யாரும் இன்னொரு கப்பலில் ஏற்றுவதில்லை. நம்முடையது அந்த ரகம் அல்ல.

அடுத்தது வரி. இங்கேதான் சகோதரரின் முகம் வாடியது. சுங்க வரி படகின் விலைக்கு மட்டும் அல்ல. கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்த்த தொகைக்கு. அந்த வரியையும் கூட்டி அதன்மேல் ஐ.ஜி.எஸ்.டி. வரும். உல்லாசப் படகுகளுக்கு அது 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. மீன்பிடிப் படகுக்கு 5 விழுக்காடுதான். "நான் மீன் பிடிக்கத்தானே கொண்டுவர்றேன்" என்றார். படகு எதற்காகக் கட்டப்பட்டதோ அதை வைத்துத்தான் சுங்கம் பார்க்கும். நம் நிய்யத்தை வைத்து அல்ல. போதாததற்கு அது பழைய படகு. தொழிலுக்கான மூலதனப் பொருள் அல்லாத பழைய பொருட்களை இறக்க, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். படகு துறைமுகத்துக்கு வந்த பிறகு அதற்கு விண்ணப்பித்தால், அங்கே கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.

விற்பவர் 'சி.ஐ.எஃப். தூத்துக்குடி' என்று எழுதியிருந்தார். கூலியும் இன்சூரன்ஸும் அவர் பொறுப்பு. அதனால் படகு தூத்துக்குடி வரும்வரை நஷ்டமும் அவருடையது என்று சகோதரர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மதரஸாவில் நாங்கள் ஓதிய ஷாஃபிஈ ஃபிக்ஹில், வாங்கியவர் கைக்கு வரும்வரை சரக்கு விற்றவரின் பொறுப்பில் இருக்கும். ஆனால் சி.ஐ.எஃப். என்று எழுதிக் கையெழுத்திட்டால், அங்கே கப்பலில் ஏறிய நொடியிலேயே நஷ்டம் வாங்குபவர் தலையில்! விற்பவர் எடுத்துத் தரும் இன்சூரன்ஸும் பெரும்பாலும் குறைந்தபட்ச வகை. கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் கிடைக்கும். தூக்கும்போது அடிபட்டு ஃபைபர் பிளந்தால் கிடைக்காது. எல்லா ஆபத்தும் அடங்கிய 'ஏ' வகையைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

கப்பல் எங்கே மூழ்கப்போகிறது என்று நாம் கேட்க முடியாது. 2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 அறுநூறுக்கும் மேற்பட்ட கண்டெய்னர்களோடு மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் நம் மாவட்டக் கரையிலும் ஒதுங்கின.

விற்பவரிடம் கேட்க வேண்டிய தாள்களையும் உறவினர் சொன்னார். விற்பனைப் பத்திரம் வேண்டும். அந்நாட்டுப் பதிவேட்டில் படகை நீக்கிய சான்று வேண்டும். வங்கிக் கடன் இருந்தால் அது தீர்ந்த கடிதம் வேண்டும். படகின் பின்புறம் வலப்பக்கம் பொறித்திருக்கும் ஹல் எண் இவை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். படகு நிற்கும் மரச்சட்டத்தில் வெப்பம் ஏற்றிப் பதப்படுத்திய முத்திரை இருக்க வேண்டும். பெட்ரோல் டேங்கைக் காலி செய்து, பேட்டரி இணைப்பைக் கழற்றியிருக்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில் சகோதரர் அதிகம் பேசவில்லை. வள்ளியூர் தாண்டியதும் விற்பவரை அழைத்து, பதிவு நீக்கிய சான்றின் நகலும் ஹல் எண்ணின் படமும் கேட்டார். "முதலில் முன்பணம் அனுப்புங்கள், பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தது. அவர் அனுப்பவில்லை.