இரண்டு வாய் சோற்றோடு நிறுத்தும் பெரியம்மா

இரண்டு வாய் உண்டதும் பெரியம்மா தட்டை நகர்த்திவிடுவார். “கொறிக்காதீங்க பெரியம்மா, நல்லா சாப்பிடுங்க” என்று நானும் கடிந்திருக்கிறேன். அவருக்கு ‘சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ்’. தோலை இறுக்கும் நோய் என்றே நினைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது: பத்தில் ஒன்பது நோயாளிகளுக்கு அது உணவுப்பாதையையும் பாதிக்கிறது.

வயிறு காலியாக இருக்கும்போது, சிறுகுடலில் சுரக்கும் ‘மோட்டிலின்’ ஹார்மோன் 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை சுருக்க அலையைத் தூண்டி, எஞ்சியதைப் பெருக்கித் தள்ளுகிறது. நரம்பும் தசையும் பழுதடைந்தால் அலை ஓயும்; உணவு தேங்கும், கிருமி பெருகும், வயிறு உப்பும். ‘எரித்ரோமைசின்’ மருந்து மோட்டிலினைப் போல் இரைப்பையை இயக்கும். தசை மிகவும் சிதைந்துவிட்டால் பலன் குறையும். அதனால் அறிகுறிகளை மருத்துவரிடம் மறைக்கக்கூடாது.

இப்போது பெரியம்மாவுக்குச் சிறு கிண்ணத்தில், ஐந்தாறு வேளையாகத் தருகிறோம். யாரும் அவரை வற்புறுத்துவதில்லை.