எந்தக் கருவிக்கு எந்தக் கட்டை?

மளிகைக் கடையில் பேட்டரி கட்டை கேட்டால் "பெருசா, சிறுசா?" என்பதோடு விசாரணை முடிந்துவிடும். அளவு பொருந்தினால் சரி என்று வாங்கி வந்து, சுவர்க் கடிகாரத்துக்கும் பிள்ளையின் ரிமோட் காருக்கும் ஒன்றையே போடுகிறோம். கடிகாரத்தில் அது மாதக்கணக்கில் ஓடுகிறது. காரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடத் தாண்டுவதில்லை. திட்டு வாங்குவது என்னவோ கடைக்காரர்தான்.

ஒரே அளவில் இன்று மூன்று வகைச் சரக்கு கிடைக்கிறது. ஒரு டீ விலைக்கு வரும் சாதாக் கட்டை, அதைப்போல இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள அல்கலைன், சார்ஜ் ஏற்றி மறுபடியும் போடக்கூடிய ரீசார்ஜபிள். பணக்கார நாடுகளில் போட்டி பின்னிரண்டுக்கும் இடையில்தான். நம் ஊர்க் கடைகளில் சாதாக் கட்டை இன்னும் ராஜநடை போடுகிறது. அது நியாயமா என்பது எந்தக் கருவிக்குள் போகிறது என்பதைப் பொறுத்தது.

சாதாக் கட்டையின் அடிப்படை 1866இல் பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் லெக்லான்ஷே வடித்தது. நடுவில் கரித்தண்டு, அதைச் சுற்றி மாங்கனீசு டை ஆக்சைடு கலவை, வெளியே துத்தநாகக் குப்பி. அந்தக் குப்பிதான் பாத்திரம், அதுவேதான் எரிபொருளும். மின்சாரம் எடுக்க எடுக்கச் சுவர் அரிக்கப்பட்டு மெலிந்துகொண்டே போகும். டிரான்சிஸ்டர் காலத்தில் கிரிக்கெட் வர்ணனை பாதியில் தேய்ந்தால் கட்டையைக் கழற்றி வெயிலில் காயவைத்தவர்கள் உண்டு, பல்லால் கடித்துப் பார்த்தவர்களும் உண்டு. வெயில் வைத்தியம் வெறும் நம்பிக்கை இல்லை. சூட்டில் உள்ளே வேதிவினை சற்று வேகமெடுக்கும், இன்னும் சில ஓவர் கேட்கலாம். கடிப்பதை மட்டும் யாரும் முயல வேண்டாம்.

அல்கலைன் 1950களின் சரக்கு. அமெரிக்காவின் ஒஹையோவில் எவரெடி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கனடாக்காரர் லூயிஸ் அர்ரி, துத்தநாகத்தைக் குப்பியாக வார்க்காமல் தூளாக்கி உள்ளே வைத்தார். தூளுக்குப் பரப்பு அதிகம், வினை நடக்க இடமும் அதிகம். கூடவே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். பெயர் அதிலிருந்து வந்ததுதான். அல்கலைனைச் செங்குத்தாக மேஜையில் போட்டால் துள்ளுவது தீர்ந்ததற்கு அடையாளம் என்பார்கள். 2015இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தபோது, பாதி தீர்வதற்குள்ளேயே துள்ளல் உச்சத்துக்குப் போய்விடுவது தெரிந்தது. துள்ளினால் புதுசு இல்லை என்று மட்டும் சொல்லலாம். குப்பைக்குப் போகவேண்டியது என்று சொல்ல முடியாது.

இந்த இரண்டையும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி பெரிதுதான், இறங்கும் குழாய் குறுகல். சொட்டுச் சொட்டாக எடுத்தால் கடைசித் துளிவரை கிடைக்கும். பம்ப் வைத்து இழுத்தால் தொட்டியில் தண்ணீர் இருக்கும்போதே குழாய் திணறும். டபுள் ஏ எனப்படும் பென்சில் கட்டையில் நல்ல அல்கலைன் ஒன்று 25 மில்லிஆம்பியர் வேகத்தில் எடுத்தால் ஏறக்குறைய 3000 மில்லிஆம்பியர்-மணி கொடுக்கும். 500 மில்லிஆம்பியர் வேகத்தில் இழுத்தால் அதே கட்டை 1500ஐ ஒட்டி நின்றுவிடும். சாதாக் கட்டைக்கு மெதுவான வேகத்திலேயே ஆயிரத்தை ஒட்டித்தான், வேகமாக இழுத்தால் பரிதாபம். ரீசார்ஜபிளில் இன்று பரவலாக இருக்கும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வகையில் தொட்டி சற்றுச் சிறிது, 2000தான். குழாய் அகலம். மோட்டாரோ கேமரா பிளாஷோ எவ்வளவு இழுத்தாலும் அந்த 2000இல் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும்.

முள் கடிகாரத்தின் பசி சராசரியாக ஒரு மில்லிஆம்பியரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. டிவி ரிமோட் பொத்தானை அழுத்தும் நொடிகளில் மட்டும் விழிக்கும். ரிமோட் கார் அரை ஆம்பியரிலிருந்து ஒரு ஆம்பியர்வரை சாப்பிடும்.

இனி விலைக் கணக்கு. அல்கலைன் 35 ரூபாய், ரீசார்ஜபிள் 200, நல்ல சார்ஜர் 800 என்று வைத்துக்கொள்வோம். நாலு கட்டை போடும் காருக்கு ரீசார்ஜபிளில் முதல் செலவு 1600, அல்கலைன் ஒரு செட் 140. பன்னிரண்டாவது செட் வாங்கும்போது அல்கலைன் தோற்றுவிடும். பிள்ளை இரண்டு வாரத்துக்கு ஒரு செட் தீர்த்தால் ஆறே மாதம். மின்சாரச் செலவு கணக்கில் ஏறாது. ஒரு கட்டைக்கு, சார்ஜர் வீணடிப்பதும் சேர்த்து, சுமார் 5 வாட்-மணி. யூனிட் 8 ரூபாய் என்றாலும் 4 காசு.

கடிகாரத்துக்கு இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வருடத்துக்கு ஒரு சாதாக் கட்டை, 15 ரூபாய். 200 ரூபாய்க் கட்டை சார்ஜர் விலையைச் சேர்க்காமலே முதலைத் திரும்ப எடுக்கப் பதிமூன்று ஆண்டுக்கு மேலாகும். கடிகாரத்தில் ரீசார்ஜபிள் போடுவது சுற்றுச்சூழல் அக்கறையாகத் தெரியலாம், எனக்கு அது சட்டைப்பையில் ஓட்டையாகத்தான் தெரிகிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் "1000 முறை", "2100 முறை" என்பதற்கும் மயங்கவேண்டாம். வாரம் ஒருமுறை சார்ஜ் செய்தாலும் ஆயிரத்தைத் தொட 19 ஆண்டு. அதற்கு முன்பே கட்டைக்கு வயதாகிவிடும். ஐம்பது முறை உழைத்தாலே அது தன் விலையைப் பலமுறை திருப்பித் தந்திருக்கும்.

பலரைக் குழப்புவது வோல்ட். அல்கலைனில் 1.5, ரீசார்ஜபிளில் 1.2 என்று எழுதியிருக்கும். ஐந்தில் ஒரு பங்கு சக்தி குறைவு என்று பயப்படத் தேவையில்லை. அல்கலைன் 1.5இல் தொடங்கி 0.9வரை படிப்படியாக இறங்குகிறது, ஆயுளில் பாதி நேரம் அதுவும் 1.2ஐச் சுற்றித்தான் நிற்கிறது. ரீசார்ஜபிள் கடைசிவரை 1.2இலேயே நின்று, தீரும்போது தடாலென்று விழும். சிக்கல் வருவது, வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தைக் கணிக்கும் கருவிகளில். முழுதாக ஏற்றிய ரீசார்ஜபிளைப் பார்த்தும் சில கருவிகள் "பேட்டரி குறைவு" என்று கத்தும். வேறு சில, சாகும் நிமிடம்வரை வாய் திறக்காது. டிஜிட்டல் கதவுப் பூட்டுத் தயாரிப்பாளர்கள் பலர் அல்கலைன் மட்டுமே போடச் சொல்வது இதனால்தான். அல்கலைன் மெல்ல இறங்குவதால் பூட்டு முன்கூட்டியே எச்சரிக்கும். ரீசார்ஜபிள் தடாலென்று விழுந்தால் நீங்கள் வாசலில் நிற்பீர்கள். ரத்த அழுத்தக் கருவிக்கும் நான் அல்கலைனைத்தான் சொல்வேன்: வாரம் ஒருமுறைதான் வேலை, ஆனால் அந்த ஒரு நிமிடம் உள்ளே பம்ப் ஓடவேண்டும், சாதாக் கட்டை அதற்குத் தாங்காது.

ரீசார்ஜபிள் "வைத்த இடத்திலேயே தீர்ந்துவிடும்" என்ற பழைய புகாரும் ஒருகாலத்தில் உண்மை. மாதத்துக்குக் கால்பங்குவரை தானாக வடிந்த கட்டைகள் இருந்தன, வெயில் ஊரில் இன்னும் மோசம். 2005இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. இந்த வகையில் ஒரு வருடம் அலமாரியில் கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும். வாங்கும்போது பெட்டியில் "லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்" அல்லது "ரெடி டு யூஸ்" இருக்கிறதா என்று பாருங்கள். பென்சில் கட்டையில் 3000, 4000 என்று போட்டிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். இந்த அளவில் நல்ல தயாரிப்புகளே 2500ஐ ஒட்டித்தான் நிற்கின்றன, அவையும் 2000 கட்டையைவிடச் சீக்கிரம் கிழடாகும்.

ரீசார்ஜபிள் மோசம் என்று சொல்பவர்களின் சார்ஜரை வாங்கிப் பார்த்தால் பாதிக் கதை விளங்கிவிடும். சுவரில் சொருகினால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், நாள் முழுக்க எரிந்துகொண்டே இருக்கும், கட்டை நிறைந்ததா என்று அதற்குத் தெரியாது. நிறைந்த பிறகும் ஏற்றிக்கொண்டே போனால் கட்டை சூடாகி ஆயுள் குறையும். கட்டையின் வோல்ட் உச்சம் தொட்டுச் சற்றே சரியும் அந்தச் சிறு இறக்கத்தைக் கண்டுபிடித்து நிறுத்துவது நல்ல சார்ஜர். ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாகக் கவனிக்கிறதா, ஜோடியாகத்தான் ஏற்றுகிறதா என்பதையும் கேட்டு வாங்குங்கள். கட்டையில் மிச்சம் பிடிக்கலாம், சார்ஜரில் கூடாது.

யூஎஸ்பி வயர் சொருகும் 1.5 வோல்ட் லித்தியம் கட்டைகளும் இப்போது வருகின்றன. 1.2 வோல்ட் சமாச்சாரத்துக்கு அவை விடை. பழைய சார்ஜரில் மட்டும் வைத்துவிடக் கூடாது. பார்க்க அதே அளவில் இருக்கும் 3.7 வோல்ட் லித்தியம் கட்டையை ரிமோட்டில் போட்டால் ரிமோட் போய்விடும்.

தீர்ந்த கட்டையைக் குப்பையில் கலக்கக் கூடாது என்கின்றன 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள். திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. தெருமுனைக் கடையில் இன்னும் அதற்கான டப்பா இல்லை என்பதால், வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துவைத்து மின்கழிவு வாங்குபவரிடம் கொடுப்பதுதான் நடைமுறை. புதியதையும் பழையதையும் ஒரே கருவியில் கலந்து போடாதீர்கள். பலவீனமானதை மற்றவை தலைகீழாகத் தள்ளும்போது உள்ளே வாயு சேர்ந்து கசிவு தொடங்கும்.

கசிந்துவிட்டால், எது கசிந்தது என்று முதலில் பாருங்கள். அல்கலைன் விடும் வெள்ளைப் பொடி காரம். கையுறை போட்டு, எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சால் துடைத்தால் கரையும். சாதாக் கட்டையின் கசிவு அமிலத்தன்மை கொண்டது, அதற்கு எலுமிச்சை ஆகாது. சமையல் சோடாவைச் சிறிது தண்ணீரில் குழைத்துத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு புதுக் கட்டையைப் போடுங்கள்.