மார்ச் வெயில்: யார் சொல்வதை நம்புவது?

மார்ச் மாதம் பிறந்தால் போதும், நம் கைப்பேசிக்கு ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கப் போகிறது, அடுத்த ஐந்து நாளுக்கு வெப்பம் 40 டிகிரியைத் தொடும், யாரும் வெளியே போக வேண்டாம் என்று அதில் இருக்கும். குடும்பப் புலனக் குழுவில் சித்தி அனுப்புவார். அரை மணி நேரம் கழித்து அதே செய்தி கோயில் குழுவிலிருந்தும் வரும். யார் எழுதியது, எந்த ஊருக்கு, எந்த ஆண்டுக்கு என்று எதுவும் இருக்காது.

பாகான் நக்கோடா ஓமார் பக்கம் விடிவதற்குள் படகேறுகிறவர்களும், வரப்பில் நிற்கிறவர்களும், செம்பனைக் குலை வெட்டப் போகிறவர்களும் இருக்கிறார்கள். சிகிஞ்சானிலிருந்து சபாக் பெர்ணம் வரை வெயிலை நம்பியும் வெயிலுக்குப் பயந்தும் நடக்கும் பிழைப்புதான். ஐந்து நாள் வெளியே போகாதே என்றால் ஐந்து நாள் கூலி போகும். அதனால் இந்தச் செய்தியைச் சற்று நின்று பார்ப்போம்.

பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20 வாக்கில் வருகிறது. அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும். நம் ஊர் அதற்கு வடக்கே நாலு டிகிரிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருப்பதால், நம் தலைக்கு நேர் மேலே சூரியன் வருவது மார்ச் 30 ஒட்டித்தான். அன்று மதியம் ஏறத்தாழ 1.20 மணிக்கு வாசலில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள், நிழலே விழாது. செப்டம்பர் நடுவிலும் இதே காட்சி இன்னொரு முறை கிடைக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை இப்படி நடந்தும் நாம் 40 டிகிரியைப் பார்ப்பதில்லை. மலேசியாவில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் பெர்லிஸ் மாநிலம் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9 அன்று பதிவான 40.1 டிகிரி. அது வலுவான எல் நினோ காலம். சூரியன் தலைக்கு மேல் வந்தது மட்டும் காரணமாக இருந்தால் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பதிவு முறிந்திருக்க வேண்டும்.

சரி, புரளி என்று தள்ளிவிடலாமா? அதுவும் முடியவில்லை. 2016 ஏப்ரலில் வெப்பம் தாங்காமல் பெர்லிஸ், கெடா பகுதிகளில் பள்ளிகளை மூடினார்கள். 2024 தொடக்கத்தில் பகாங்கில் ஓர் இளைஞர் வெப்பத் தாக்குதலால் இறந்தார். ஆக, வெயில் நிஜம். எச்சரிக்கைகளில்தான் சில நிஜம், சில பொய். எதை எப்படிப் பிரிப்பது?

இந்தப் பாடத்தைப் படிக்க நான் உங்களை ஒரு குளிர்ந்த ஊருக்கு அழைத்துப் போகிறேன்.

ஊட்டியில் 29 டிகிரி

தமிழ் மரபில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். சமவெளியில் அப்போதே அனல் பறந்தாலும், நீலகிரி மலையில் அது உண்மையிலேயே இதமான பருவம். நம்மவர்கள் பலர் ஊட்டி மலர்க் கண்காட்சி பார்க்க ஸ்வெட்டரை மடித்து எடுத்துக்கொண்டு போவதும் அந்தச் சமயத்தில்தான்.

2024 ஏப்ரல் 28 அன்று அந்த ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. 1951-லிருந்து உள்ள பதிவுகளில் அதுவே உச்சம். நமக்கு 29 டிகிரி என்பது மழை பெய்து ஓய்ந்த மாலை. மின்விசிறியே இல்லாமல் வாழ்ந்து பழகிய 2,200 மீட்டர் உயர மலை ஊருக்கு அது பெரிய அதிர்ச்சி. மலைக்குக் கீழே ஈரோடும் சேலமும் அப்போது 40-ஐத் தாண்டிக் கொதித்துக்கொண்டிருந்தன. வெயிலுக்குத் தப்பி வந்த கூட்டம் மலைப்பாதையை அடைத்தது. மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் வருவோர் மின்னனுமதி பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

தமிழ்நாட்டில் வானிலையை அரசு அலுவலகம் மட்டும் பேசிய காலம் போய்விட்டது. ஒரு தலைமுறைக்கு வானிலை என்றால் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் எஸ்.ஆர். ரமணன் தொலைக்காட்சியில் தோன்றிச் சொல்வதுதான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது, 'தமிழ்நாடு வெதர்மேன்' என்ற பெயரில் எழுதிவந்த பிரதீப் ஜான் வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். அவர் வானிலைத் துறை அலுவலர் அல்லர், ஆர்வத்தால் கற்றவர். அவரைப் போன்ற ஆர்வலர்கள் இன்று பலர். மழை நாளில் மழையளவைப் பற்றி வாதம் நடக்கும். மழை இல்லாத மார்ச், ஏப்ரலில் வாதம் வெப்பத்துக்கு மாறிவிடும். இந்த ஆண்டு ஊட்டியும் கொடைக்கானலும் எத்தனை டிகிரி தொடும்?

ஒரே மலை, பல எண்கள்

ஒருவர் 25 என்பார், இன்னொருவர் 28 என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் காரணம் கட்டம். கணினி முன்கணிப்பு உலகத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. ஐரோப்பிய மையத்தின் கணிப்பில் ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அமெரிக்கக் கணிப்பை நம் செயலிகள் பலவும் 25 கிலோமீட்டர் கட்டங்களாகவே எடுத்துக் காட்டுகின்றன. ஊட்டிக்கும் மலையடிவாரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நேர்கோட்டில் 30 கிலோமீட்டர்தான். ஆனால் உயர வேறுபாடு 1,900 மீட்டர் அளவு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அப்படியானால் இரண்டு ஊருக்கும் இடையே 12 டிகிரி வேறுபாடு. பெரிய கட்டம் மலையையும் சரிவையும் சேர்த்துக் கலக்கி ஒரே எண்ணாகத் தந்துவிடும்.

நம் கேமரன் மலைக்கும் இதே கதைதான். மலேசியாவின் மிகக் குறைந்த வெப்பநிலை அங்கேதான் 1978 பிப்ரவரி 1 அன்று 7.8 டிகிரியாகப் பதிவானது. மலையடிவாரத்துத் தாப்பாவையும் மேலே உள்ள தானா ராத்தாவையும் ஒரே கட்டத்தின் சராசரியால் பார்த்தால், ஸ்வெட்டர் எடுப்பதா வேண்டாமா என்பதே தப்பாகிவிடும்.

இரண்டாவது காரணம் மேகம். மலையில் மதியம் இரண்டு மணிக்கு மேகம் திரண்டால் வெப்பம் அத்தோடு நிற்கும். அதே மேகம் நான்கு மணிக்கு வந்தால் அதற்குள் இரண்டு மூன்று டிகிரி ஏறியிருக்கும். ஒரு மேகம் எத்தனை மணிக்குத் திரளும் என்று மூன்று நாள் முன்பே சொல்வது எவருக்கும் கடினம்.

மூன்றாவது காரணம் வெப்பமானி. ஆய்வு நிலையத்தில் காற்று புகும் வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில், தரைக்கு மேல் நான்கு அடிக்குக் குறையாத உயரத்தில் அதை வைக்கிறார்கள். தார்ச்சாலையில் நின்ற காரின் திரை காட்டும் 39-ஐயும், தகரக் கூரைக்குக் கீழே தொங்கும் வெப்பமானி காட்டும் 41-ஐயும் இதனோடு ஒப்பிடக் கூடாது. கார் திரையைப் படம் பிடித்து அனுப்பி, அரசு மறைக்கிறது என்று சொல்வோர் இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு.

இளவேனில் என்ற மதில்

நாளைய வெப்பத்தில் இரண்டு டிகிரி வாதம் என்றால், வரும் பருவம் முழுவதையும் பற்றிய வாதம் இன்னும் பெரியது. அதன் நடுவில் நிற்பது எல் நினோ. பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகும்போது நம் பக்கம் மழை குறைந்து வெப்பம் கூடுகிறது.

இதைத் தேடிய கதையில் நம் முன்னோரும் இருக்கிறார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தின் பின்னணியில் வலுவான எல் நினோ இருந்ததை இன்று அறிவோம். பஞ்சமும் வறுமையும் விரட்ட, அந்தக் காலத்தில் கடல் கடந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் ஏராளம். மழை பொய்ப்பதை முன்பே அறிய முடியுமா என்ற கேள்வி அதன் பிறகே அரசை உறுத்தியது. சூரியனை ஆராய்ந்தால் பருவமழை பிடிபடுமா என்ற எண்ணமும் கொடைக்கானல் வானாய்வகம் 1899-இல் உருவாக ஒரு காரணம். 1904-இல் இந்திய வானிலைத் துறையின் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், பசிபிக்கின் இரு பக்கத்துக் காற்றழுத்தமும் துலாக்கோல் போல ஏறி இறங்குவதைக் கண்டு சொன்னார். எல் நினோ அறிவின் ஒரு பாதி அங்கே தொடங்கியது.

இத்தனை காலம் கடந்தும் ஒரு மதில் இருக்கிறது. மார்ச் முதல் மே வரையான மாதங்களில், பின்னால் வரப்போகும் எல் நினோவைக் கணிப்பது மற்ற மாதங்களைவிட நம்பகம் குறைந்தது. அந்தச் சமயத்தில் பசிபிக் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும். சிறு காற்று மாற்றம்கூடப் போக்கைத் திருப்பிவிடும். வானிலையாளர்கள் இதை இளவேனில் தடை என்றே சொல்கிறார்கள். 2014 இளவேனிலில் பல கணிப்புகள் வலுவான எல் நினோ வருகிறது என்றன. அது எதிர்பார்த்தபடி எழவில்லை. மறு ஆண்டு, 2015-இல், மிக வலுவாக வந்தது. அதன் வால்தான் 2016-இல் நம் வடமாநிலப் பள்ளிகளை மூடவைத்த வெப்பம்.

அதனால் மார்ச்சில் நல்ல கணிப்பாளர் இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்றுதான் பேசுவார். 60 விழுக்காடு என்று பத்து முறை சொன்னால் ஆறு முறை அளவில் நடக்க வேண்டும், நான்கு முறை நடக்காமலும் போக வேண்டும். நடக்காத ஒரு முறையை வைத்துக்கொண்டு அவரைப் பொய்யர் என்பது தவறு. நூற்றுக்கு நூறு என்று அடித்துச் சொல்பவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நம் கடற்கரைக்கு என்ன?

மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்ப எச்சரிக்கையை மூன்று நிலையாகத் தருகிறது. தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் முதல் நிலை. 37 முதல் 40 வரை என்றால் இரண்டாம் நிலை, அதுவே வெப்ப அலை. 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. இதில் இடம் உண்டு, நாள் உண்டு, எண் உண்டு. மறுநாள் சரிபார்க்கலாம்.

ஆனால் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு இருக்கிறது. மதியம் வீசும் கடற்காற்றால் நம் பக்கம் 35-ஐத் தொடாத நாள்கள் பல. எச்சரிக்கை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. வெப்பம் 33 டிகிரியாகவும் காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காடாகவும் இருந்தால், உடல் உணர்வது 40-க்கு மேல். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ஈரக் காற்றில் அது உலராது. செம்பனை மட்டைகளுக்கு இடையே காற்றும் புகாது. ஊட்டியின் 29-ஐ விட நம் 33 உடலுக்குப் பல மடங்கு சுமை. முன்கணிப்பில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் ஈரப்பதத்தையும் பாருங்கள்.

இரண்டும் கூடும் நாளில் கனமான வேலையைப் பெரட்டு முடிந்த கையோடு தொடங்கி, பதினொரு மணிக்குள் முடிக்கப் பார்க்கலாம். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்கவும், நிழலில் அடிக்கடி உட்காரவும் வேண்டும். பள்ளி விளையாட்டுப் பயிற்சியை மாலைக்குத் தள்ளச் சொல்லிப் பெற்றோர் கேட்கலாம். கூட வேலை செய்பவர் பேச்சுக் குழறினாலோ, தடுமாறினாலோ, மயங்கினாலோ அது வெறும் களைப்பு இல்லை. நிழலுக்குத் தூக்கி, உடலை நனைத்து விசிறி, 999-ஐ அழையுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு வேலை கொடுங்கள். ஒரு சாதாரண வெப்பமானியைக் காற்றோட்டமான நிழலில் மாட்டி, தினமும் மதியம் இரண்டு மணிக்கு எழுதிவைக்கட்டும். பக்கத்தில், முதல் நாள் செயலி சொன்ன எண்ணையும் எழுதட்டும். ஒரே மாதத்தில் அந்தச் செயலி நம் ஊருக்குக் கூட்டிச் சொல்கிறதா, குறைத்துச் சொல்கிறதா என்பது தெரிந்துவிடும். தமிழ்நாட்டு ஆர்வலர்கள் பலர் கற்றதும் இப்படித்தான். முதலில் அளந்தார்கள், ஒப்பிட்டார்கள், தப்பானபோது அதையும் எழுதினார்கள். வாதம் அதன் பிறகு.

அடுத்த முறை சித்தி அந்தச் செய்தியை அனுப்பும்போது கோபிக்க வேண்டாம். நம்மேல் உள்ள அக்கறையால்தான் அனுப்புகிறார். மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்த ஊருக்கு, எந்த நாளுக்கு, எத்தனை டிகிரி என்று யார் சொன்னது? பதில் இருந்தால் தொப்பியையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லை என்றால் அந்தச் செய்தியை உங்களோடு நிறுத்திவிட்டு, மார்ச் கடைசியில் சித்தியையும் வாசலுக்கு அழைத்து, நிழல் விழாத அந்தக் குச்சியைக் காட்டுங்கள்.