இயற்கை வளம் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடிவுகள் வந்துவிட்டால் இந்தியக் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். மருத்துவமா, பொறியியலா, சட்டமா? பிள்ளை உயிரியலிலும் வேதியியலிலும் நல்ல தேர்ச்சி பெற்றிருந்து, "எனக்கு வனவியல் படிக்க ஆசை" என்று சொன்னால் வீட்டில் அமைதி நிலவும். "காட்டில் போய் என்ன செய்யப் போகிறாய்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்குரிய பதிலைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுப்பது நல்லது.

எதைப் படிக்கிறார்கள்?

இயற்கை வளம், அதன் பாதுகாப்பு என்றதும் புலியும் யானையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். படிப்பு அதைவிட விரிந்தது. மண், நீர், மரம், விலங்கு, கடல் ஆகியவற்றின் அறிவியலோடு புள்ளியியல், நில வரைபடத் தொழில்நுட்பம், பொருளாதாரம், சட்டம் ஆகியவையும் இதில் உண்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. பெய்யும் மழையில் எவ்வளவு மண்ணில் இறங்கும், எவ்வளவு ஆற்றுக்கு ஓடும், மேட்டு நிலத்தில் மரம் போனால் என்ன மாறும் என்று கணக்கிடுவதும் இந்தத் துறையின் வேலைதான்.

மாத்தாங் சொல்லும் பாடம்

வளத்தைப் பயன்படுத்திக்கொண்டே அதைக் காப்பாற்றவும் முடியுமா? இந்தக் கேள்விக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் இடம் பேராக் மாநிலத்தில் தைப்பிங்கிற்கு அருகில் உள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு. ஏறக்குறைய 40,000 ஹெக்டர் பரப்புள்ள இந்தக் காடு, 1900களின் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டு நிர்வகிக்கப்பட்டு வருகிறது.

முறை எளிமையானது. வெட்டிய பகுதியில் மீண்டும் வெட்ட 30 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கன்றுகள் தாமாக முளைக்காத இடத்தில் நட வேண்டும். 15ஆம் ஆண்டில் தொழிலாளி நான்கடிக் குச்சியுடன் காட்டுக்குள் போவார். நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றி அந்தக் குச்சியின் நீளத்துக்குள் நிற்கும் மற்ற மரங்களை வெட்டிவிடுவார். 20ஆம் ஆண்டில் ஆறடிக் குச்சி. மிஞ்சும் மரங்கள் தடித்து வளரும். வெட்டியவை கட்டுமானக் கழிகளாக விலைபோகும். 30ஆம் ஆண்டில் வெட்டப்படும் மரங்கள் கோலா செப்பெத்தாங்கின் சூளைகளில் கரியாகின்றன. மீனும் இறாலும் அந்த வேர்களுக்கிடையில் வளர்கின்றன. மீனவர், கரித் தொழிலாளி, அரசாங்கம் என மூன்று தரப்புக்கும் அந்தக் காடு நூறு ஆண்டுகளுக்கு மேலாக வருமானம் தருகிறது.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வெட்டலாம், எத்தனை மரம் விட்டுவைக்க வேண்டும் என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அப்படி அளக்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பட்டப்படிப்பு.

அளப்பது ஏன் முக்கியம்?

நெகிரி செம்பிலானில் பாசோ என்ற காடு உள்ளது. அங்கே 1980களில் 50 ஹெக்டர் நிலத்தைக் குறித்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்திற்கும் எண் கொடுத்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், 800க்கும் அதிகமான வகைகள்! சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை மீண்டும் அளக்கிறார்கள்.

மெரந்தி போன்ற பெருமரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே ஒன்றாகப் பூக்கும். அவ்வளவு பூவுக்கும் மகரந்தம் சேர்ப்பது யார்? 1981இல் மலேசிய ஆய்வாளர்கள் எஸ். அப்பானாவும் எச்.டி. சானும் வெளியிட்ட ஆய்வு ஒரு பதிலைத் தந்தது. மெரந்தி வகைகள் சிலவற்றுக்கு அந்த வேலையைச் செய்வது கண்ணுக்கு அரிதாகத் தெரியும் இலைப்பேன்கள். வானளாவிய மரத்தின் சந்ததி ஒரு சிறு பூச்சியைச் சார்ந்திருக்கிறது என்பதை அறிந்தவர், காட்டைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும்.

எங்கே படிக்கலாம்?

1971இல் செர்டாங்கில் விவசாயப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் தொடக்கப் புலங்களுள் வனவியலும் ஒன்று. பூச்சோங்கில் வீடமைப்புப் பகுதிகளால் சூழப்பட்ட ஆயர் ஈத்தாம் காடு அதன் மாணவர்களுக்கு வகுப்பறை. சபா பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல வனவியல், சரவாக் பல்கலைக்கழகத்தில் வள அறிவியல், திரெங்கானு பல்கலைக்கழகத்தில் கடல்சார் படிப்புகள் உள்ளன. ரெடாங் தீவின் சாகார் ஹுத்தாங் கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காப்பது திரெங்கானு பல்கலைக்கழகம்தான். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யு.பி.யு. வழி விண்ணப்பிக்க வேண்டும். பாடத் தகுதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் நிபந்தனைகளையே பார்க்க வேண்டும்.

வேலை உண்டா?

வனத்துறை, வனவிலங்கு தேசியப் பூங்காத் துறை, சுற்றுச்சூழல் துறை, கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை முதலில் நினைவுக்கு வருபவை. ஆனால், அரசாங்கப் பதவிகளை மட்டும் நம்பி இருப்பது சரியல்ல. அவற்றுக்குப் போட்டி அதிகம். தனியார் துறையிலும் கதவுகள் திறந்துள்ளன. மலேசியச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயமானதால் தோட்ட நிறுவனங்களுக்கு இத்துறை தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். பெரிய மேம்பாட்டுத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தயாரிக்கும் ஆலோசக நிறுவனங்களும், இயற்கைப் பாதுகாப்பு இயக்கங்களும் உள்ளன.

இன்னொன்றையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். நம் அரசமைப்புச் சட்டப்படி நிலமும் காடும் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. மாநிலங்களுக்கோ காட்டு மரம் வருமானம். ஆகவே அறிவியல் மட்டும் தெரிந்தால் போதாது. அதிகாரிகளிடமும் கிராம மக்களிடமும் பேசி ஒப்புக்கொள்ள வைக்கும் திறமையும் வேண்டும். வெயில், அட்டை, ஊரை விட்டுத் தூரமான பணியிடம் ஆகியவற்றுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

காலம் காத்திருக்காது

2019இல் மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம் சபாவில் இறந்தது. தேசியச் சின்னத்தில் இடம்பெற்ற மலாயாப் புலி, காட்டில் 150க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாக 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு காட்டியது. எஞ்சியதைக் காக்கும் பொறுப்பு இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுடையது.

அதே சமயம் நம்பிக்கைக்கும் இடமுண்டு. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் இருக்கும் நிலம் 1920களில் ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட கட்டாந்தரை. அங்கே நட்டு வளர்த்த காடு 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமானது. பெற்றோர்கள் ஒரு விடுமுறை நாளில் பிள்ளையை அங்கே அழைத்துச் செல்லலாம். அந்த மரங்களுக்கடியில் நடந்துவிட்டு, பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். படிப்பைப் பற்றிய பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.